பதினெட்டில் எட்டு பங்கு ஊனம்: அமெரிக்க உள்நாட்டுப் போர் பென்ஷன் கோப்புகளைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது. உள்நாட்டுப் போரில் (1861–65) சிப்பாயாக இருந்த தன் கொள்ளுத்தாத்தாவின் பென்ஷன் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் வாஷிங்டனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான்.

குண்டு பாய்ந்த கதை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஓஹியோ காலாட்படைச் சிப்பாயான அவருக்கு முகாமில் பிடித்த வயிற்றுப்போக்கு, ஊர் திரும்பி இருபது வருஷமாகியும் விடவில்லை. கூடவே மூட்டுவாதம்.

டாக்டர் சான்றிதழில் மனித உருவம் ஒன்று அச்சிட்டிருக்கிறது, முன்பக்கமும் பின்பக்கமும். காயம் பட்ட இடத்தை அதில் குறிக்க வேண்டும். இவருடைய தாளில் அந்த உருவத்தின் மேல் ஒரு கோடுகூட இல்லை. வயிற்றுப்போக்கை எங்கே குறிப்பது?

கீழே 8/18 என்று எழுதியிருந்தது. 1870-களில், ஒரு கையோ பாதமோ போனவருக்கு மாதம் 18 டாலர். அதற்குக் குறைந்த ஊனத்தை எல்லாம் பதினெட்டில் இத்தனை பங்கு என்று அளந்திருக்கிறார்கள்.

1862 சட்டப்படி, நோய் படையில் இருந்தபோதுதான் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதற்குக் கூட இருந்த சிப்பாய்களும் ஊர்க்காரர்களும் சாட்சி சொல்ல வேண்டும். அறுவடைக்கு முழு ஆளாக வந்தவர், போய்த் திரும்பியபின் பாதி நாள் படுத்தே கிடந்தார் என்று ஒரு விவசாயி சொல்லியிருக்கிறார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருக்கல் குறிதான். பாட்டி மற்ற தாள்களை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். இந்த மனுக்களைக் கையாண்ட பென்ஷன் அலுவலகக் கட்டடத்துக்கே நான் போயிருக்கிறேன். 1887-ல் கட்டி முடித்தது, இப்போது தேசியக் கட்டட அருங்காட்சியகம். வெளிச்சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சுடுமண் சிற்பப் பட்டை. சிப்பாய்கள், மாலுமிகள், காயம்பட்டவர்கள் எல்லாரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கட்டடத்தை வடிவமைத்த மாண்ட்கோமரி மெய்க்ஸ், போரால் விடுதலை பெற்ற கறுப்பின வண்டியோட்டி ஒருவரும் அதில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தார். சுவரில் இடம் கிடைத்துவிட்டது, சரி. உள்ளே மனு போட்ட கறுப்பினச் சிப்பாய்கள் பாடுதான் திண்டாட்டம். அடிமையாகப் பிறந்தவருக்குப் பிறந்த தேதிக்கு ஏது காகிதம்? படையில் எஜமானன் பெயர், வெளியே வந்ததும் சொந்தமாக வைத்துக்கொண்ட பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அதற்கும் சாட்சி தேட வேண்டும்.

*

அடிமைத்தனத்திலிருந்து தப்பி, மற்ற அடிமைகளையும் தப்பவைத்த ஹாரியட் டப்மனையே இழுத்தடித்தார்களே! படைக்கு உளவு பார்த்தவர், காயம்பட்டவர்களுக்கு மருந்து போட்டவர். 1895-ல் அவருக்குக் கிடைத்தது, சிப்பாயாக இருந்த கணவரின் விதவை என்ற கணக்கில் மாதம் 8 டாலர். 1899-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு 20 ஆக்கியது. போர் முடிந்து 34 வருஷம்!

என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். மெடிக்கல் போர்டு, அதாவது ஊனத்தை மதிப்பிடும் டாக்டர் குழு, என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் எல்லாரும் கப்சிப் ஆகிவிடுவோம். அதனால் அந்த 8/18-ஐப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அது இருக்கட்டும், அந்த ஓஹியோக்காரருக்குக் கடைசியில் பணம் வந்ததா இல்லையா?

*

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பணம் வந்தது. முதல் மனு தள்ளுபடி, இரண்டாவதில் கொஞ்சம். அப்புறம் 1890-ல் சட்டம் மாறியது. 90 நாள் படையில் இருந்து நல்லபடியாக வெளியே வந்திருந்து, உடலுழைப்பு வேலை செய்ய முடியாவிட்டால் போதும், ஊனம் போரில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. 6 டாலரிலிருந்து 12 வரை. அதில் மேல்வரம்பான 12-ஐ இவர் வாங்கியிருக்கிறார். பாட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெருக்கல் குறியை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டார்.