நாலு செயலி, ஒரே நடை: உடற்பயிற்சித் தரவை ஒன்றாகச் சேர்த்தவர்களின் அனுபவங்கள்

வைகைக்கரை:
ஒரே நடையைக் கைபேசி, கடிகாரம் என்று பல கருவிகள் தனித்தனியாக எண்ணுவதால், செயலிகளின் கணக்கை ஒன்றாக்கும்போது அது இரட்டிப்பாகிவிடும். திரையில் தெரியும் தினசரி மொத்தத்தைக் குறித்துவைத்துச் சேர்க்க முயலாதீர்கள். எந்த நிமிடத்தில் எந்தக் கருவி எண்ணியது என்பது அதில் இருக்காது, அது இல்லாமல் இரட்டிப்பை நீக்க வழியில்லை. மூலத் தரவையே இறக்குங்கள். ஆப்பிள் ஹெல்த்தில் சுயவிவரப் படத்தைத் தொட்டு, அடியில் 'எக்ஸ்போர்ட் ஆல் ஹெல்த் டேட்டா'. ஃபிட்பிட், கூகுள் ஃபிட் இரண்டுக்கும் கூகுள் கணக்கின் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட். ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவாவுக்கு அதன் இணையதளத்தில் போய், கணக்கை நீக்கும் வசதி இருக்கும் அதே பக்கத்தில் 'ரிக்வெஸ்ட் யுவர் ஆர்க்கைவ்' மட்டும் அழுத்த வேண்டும். கீழே உள்ள நீக்கும் பொத்தான் பக்கம் கை போக வேண்டாம்.

மணற்கேணி:
ஆப்பிள் ஜிப்பைப் பிரித்தால் வரும் எக்ஸ்எம்எல் கோப்பு, சில வருடத் தரவு இருந்தாலே ஜிபி கணக்கில் வந்துவிடும். எக்செல் 10,48,576 வரிசைக்கு மேல் ஏற்காது. பைத்தான் நிரல்மொழியில், கோப்பை மொத்தமாக ஏற்றாமல் படிக்கும் 'இட்டர்பார்ஸ்' வைத்து ஒவ்வொரு பதிவாகப் படியுங்கள். படித்த கையோடு அந்தப் பதிவை 'கிளியர்' செய்வதோடு, எல்லாப் பதிவுகளையும் தாங்கும் வேர் உறுப்பையும் கிளியர் செய்ய வேண்டும். இல்லையென்றால் காலிக் கூடுகள் லட்சக்கணக்கில் அதிலேயே தொங்கிக்கொண்டு நினைவகத்தை நிரப்பும்.

கதிர்முகம்:
எல்லாரும் முதலில் வழுக்குவது நேரத்தில்தான். ஸ்ட்ராவாவின் ஆக்டிவிட்டீஸ் கோப்பில் தேதி யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் 5:30 மணி முன்னால். ஞாயிறு காலை 5 மணிக்குக் கிளம்பிய ஓட்டம் அங்கே சனி இரவு 23:30. விடியலில் ஓடுகிறவருக்குக் கிட்டத்தட்ட எல்லா ஓட்டமும் முந்தைய நாளில் விழும், 1ஆம் தேதி ஓட்டம் போன மாதக் கணக்கில் சேரும். கைபேசியின் நடைக் கணக்கோ சரியான நாளில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஓடிய நாளில் ஓட்டம் இல்லை, ஓடாத நாளில் 10 கி.மீ.

எல்லாவற்றையும் சேர்க்கும் அட்டவணையில் தொடக்கம், முடிவு இரண்டையும் யூடிசியிலேயே வையுங்கள். நேர வித்தியாசத்துக்குத் தனி நெடுவரிசை கொடுங்கள். சிங்கப்பூர் போய் வந்த வாரத்துக்கு அதில் +8:00 என்று இருக்கும். நாள் வாரியாகக் கூட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

மணற்கேணி:
தேதி வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதம் முன்னால் வரும் கோப்பை இந்திய அமைப்பில் உள்ள எக்செல்லில் திறந்தால், 03/04/25 ஏப்ரல் 3 ஆகிவிடும். 03/25/25 மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். பாதித் தேதி தப்பு, பாதி எழுத்து. அதைச் சேமித்துவிட்டால் மீட்க முடியாது, மூலக் கோப்பை எக்செல்லில் தொடவே தொடாதீர்கள்.

வைகைக்கரை:
இனி காலடிகள். கைபேசி 6:00 முதல் 6:10 வரை 1,000 என்கிறது. கடிகாரம் 6:02 முதல் 6:12 வரை 1,040. கூட்டினால் 2,040, நடந்ததோ அதைவிட மிகக் குறைவு. செய்ய வேண்டியது: ஒவ்வொரு பதிவையும் நிமிடங்களாகப் பிரியுங்கள். கடிகாரம் பதிந்த நிமிடத்துக்குக் கடிகாரமே, அது இல்லாத நிமிடத்துக்கு மட்டும் கைபேசி. இங்கே கைபேசிக்கு முதல் 2 நிமிடத்தின் 200, கடிகாரத்தின் 1,040, ஆக 1,240. கடிகாரம் சார்ஜில் கிடந்த நேரத்தையும் இதே விதி தானாக நிரப்பிவிடும்.

பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும் முறை, அதாவது நாளுக்கு எது அதிகமோ அது, எளிது என்று பலர் சொல்வார்கள். நாளில் பாதி ஒன்றும் மீதி இன்னொன்றும் எண்ணியிருந்தால் அது பாதியை விழுங்கிவிடும்.

மிதிவண்டி:
ஓட்டங்களில் சிக்கல் வேறு விதம். கார்மின் கடிகாரத்தில் ஓடினால் அது ஸ்ட்ராவாவுக்கும் போகும், ஆப்பிள் ஹெல்த்துக்கும் போகும். ஸ்ட்ராவா தன் பங்குக்கு ஹெல்த்தில் ஒன்று எழுதும். ஒரே ஓட்டம் மூன்று. தொலைவை வைத்து ஒப்பிடாதீர்கள், ஒவ்வொன்றும் ஜிபிஎஸ் புள்ளிகளைத் தன் முறையில் சீராக்குவதால் 10.02, 9.94 என்று வரும். நேரம் எவ்வளவு மேற்பொருந்துகிறது என்று பாருங்கள், இரண்டில் நேரம் குறைந்த பதிவின் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒன்றே என வைத்துக்கொள்ளலாம். தக்கவைக்க வேண்டியது கடிகாரத்தின் ஃபிட் கோப்பு, அதாவது கடிகாரமே ஓட்டத்தைப் பதியும் .fit கோப்பு (கூகுள் ஃபிட் அல்ல).

அந்த ஃபிட் கோப்பில் நேரம் 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து எண்ணிய விநாடிகள். 63,10,65,600 கூட்டினால்தான், கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடியாக எண்ணும் யூனிக்ஸ் நேரம், மறந்தால் 20 வருடம் பின்னால் போய்விடும். அட்சரேகையும் பாகையில் இராது. சென்னையின் 13.08 அங்கே 15 கோடியே 60 லட்சத்தை ஒட்டிய எண். 180ஆல் பெருக்கி, 2இன் 31ஆம் அடுக்கால் வகுங்கள்.

கதிர்முகம்:
சேர்க்கவே கூடாதவையும் உண்டு. இதயத் துடிப்பு மாறுபாட்டை, அதாவது துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை, ஆப்பிள் எஸ்டிஎன்என் முறையில் தருகிறது (எல்லா இடைவெளிகளின் பரவல்), ஃபிட்பிட் ஆர்எம்எஸ்எஸ்டி முறையில் (அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசம்). இரண்டும் வெவ்வேறு அளவைகள். ஒரே கோட்டில் வரைந்தால், கருவி மாற்றிய நாளில் உடம்பே மாறியதுபோலத் தெரியும். கலோரியும் அப்படித்தான்: ஒன்று சும்மா இருக்கும்போது எரிவதையும் சேர்த்துச் சொல்லும், இன்னொன்று அசைவுக்கு மட்டும்.

மிதிவண்டி:
இன்னொன்று. ஸ்ட்ராவாவில் வீட்டுப் பகுதியை மறைத்து வைத்திருந்தாலும், இறக்கிய மூலக் கோப்புகளில் மறைப்பு கிடையாது. வாசல்வரை புள்ளி இருக்கும். யாருக்காவது மாதிரி அனுப்புவதானால் முதல் 500 மீட்டரையும் கடைசி 500 மீட்டரையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.