ஹாமில்டன் ஃபெராரிக்குப் போனது துரோகமா? முடியாத ஐந்து மாதக் கணக்கு

சுற்று44:
2025 ஃபார்முலா 1 கார்ப் பந்தயப் பருவம் முடிந்த கையோடு, "மெர்சிடிஸுக்குத் துரோகம் செய்த ஹாமில்டனுக்கு ஃபெராரியில் தக்க தண்டனை கிடைத்தது" என்று வெள்ளியம்பு அவர்கள் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 12 பருவங்களில் 246 பந்தயங்கள் ஓடி, 84 வெற்றிகளையும் 6 உலகப் பட்டங்களையும் ஓர் அணிக்கு ஈட்டித் தந்தவரைத் துரோகி என்று அழைக்க எப்படி மனம் வந்தது? 2024 பிப்ரவரி 1 அன்று மெர்சிடிஸ் அணியே வெளியிட்ட அறிவிப்பில், முந்தைய ஆகஸ்டில் அறிவித்த ஒப்பந்தத்தில் இருந்த விலகும் உரிமையை ஹாமில்டன் பயன்படுத்திக்கொண்டார் என்று தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிவைத்த உரிமையைப் பயன்படுத்துவது துரோகம் என்றால், அந்த உரிமையை எழுதிக் கையெழுத்திட்ட மெர்சிடிஸை என்னவென்று சொல்வது?

வெள்ளியம்பு:
தங்களுக்குக் கோபம் வந்துவிட்டதால் நான் எழுதியது பொய்யாகிவிடாது. 2023 ஆகஸ்ட் 31 அன்று, 2025 இறுதிவரை மெர்சிடிஸில்தான் இருப்பேன் என்று உலகமறிய அறிவித்தார். 2024 பிப்ரவரி 1 அன்று போகிறேன் என்றார். இடையில் இருந்தது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் ஒரு பந்தயக்கார்கூடப் புதிதாக வெளிவரவில்லை, அணியின் தலைவர் மாறவில்லை, பொறியாளர் பீட்டர் பானிங்டன் எங்கும் போய்விடவில்லை. ஐந்து மாதத்தில் மாறும் சொல்லைச் சொல் என்று நான் ஏற்பதில்லை.

பந்தயக் குறிப்பேடு:
இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். துரோகம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே. ஒப்பந்தத்தை மீறுவதா, கொடுத்த வாக்கை மாற்றுவதா, போட்டி அணிக்குச் செல்வதா? மூன்றும் வெவ்வேறு. முதலாவது நடக்கவில்லை என்பது உறுதி. மூன்றாவது துரோகம் என்றால், 1996இல் பெனட்டனை விட்டு ஃபெராரிக்குப் போன ஷூமாக்கர் முதல் 2015இல் ரெட் புல்லை விட்டுப் போன வெட்டல் வரை எல்லோரும் துரோகிகளே.

வெள்ளியம்பு:
ஷூமாக்கர் ஐந்து மாதத்துக்கு முன்பு பெனட்டனில் நீடிப்பதாக அறிவித்திருந்தாரா? இல்லை. ஐந்து மாதம் என்பதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

சுற்று44:
பதில் சொல்கிறேன். அந்த ஒப்பந்தம் ஓராண்டும், விரும்பினால் இன்னோர் ஆண்டும் என்ற முறையில் அமைந்தது. குறுகிய கால ஒப்பந்தம் இரு தரப்புக்கும் பொருத்தமாக இருந்ததாக அணித் தலைவர் டோட்டோ வோல்ஃபே ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்பதை நெருங்கும் ஓட்டுநருக்கு நீண்ட ஒப்பந்தம் தர அணிக்கு மனமில்லை. அந்த வேளையில் பல ஆண்டு ஒப்பந்தத்தோடு ஃபெராரி வந்தது. அழைத்தவர் யார்? ஃபெராரியின் அணித் தலைவர் ஃபிரெடெரிக் வாசர், 2006இல் ஏஆர்டி அணியில் ஹாமில்டன், ஃபார்முலா 1க்கு அடுத்த நிலைத் தொடரான ஜிபி2 பட்டம் வென்றபோது அந்த அணியை நடத்தியவர். இருபது ஆண்டு பழகிய மனிதர் கூப்பிட்டிருக்கிறார், இவர் போயிருக்கிறார். அதையும் யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. அறிவிப்புக்கு முந்தைய நாள் ஆக்ஸ்ஃபோர்டில் வோல்ஃபின் வீட்டுக்கே போய் நேரில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

வெள்ளியம்பு:
வீட்டுக்குப் போய்ச் சொன்னால் ஐந்து மாதம் ஐந்து ஆண்டாகிவிடுமா?

55இன் தோழி:
நீங்கள் இருவரும் ஹாமில்டனையும் வோல்ஃபையும் பற்றியே பேசுகிறீர்கள். இந்த மாற்றத்தில் உண்மையாகவே அநீதிக்கு ஆளானவர், ஹாமில்டனுக்காக ஃபெராரியில் இடம் இழந்த கார்லோஸ் சாய்ன்ஸ். 2023இல் ரெட் புல் தவிர்த்த அணிகளில் ஒரு பந்தயத்தையாவது வென்ற ஒரே ஓட்டுநர் அவர், சிங்கப்பூரில். 2024 பருவம் தொடங்கும் முன்பே அவர் இடம் போயிற்று. குடல்வால் அறுவை சிகிச்சையால் சவூதிப் பந்தயத்தைத் தவறவிட்டு, இரண்டே வாரத்தில் மெல்போர்னில் வந்து வென்றார். அப்படிப்பட்டவரை வெளியேற்றிவிட்டு ஃபெராரி எதைப் பெற்றது? 2025இல் வில்லியம்ஸ் காரில் சாய்ன்ஸ் பாகுவிலும் கத்தாரிலும், முதல் மூன்று இடத்தவர் ஏறும் போடியம் ஏறினார். ஃபெராரி காரில் ஹாமில்டன் 24 பந்தயங்களில் ஒருமுறைகூட ஏறவில்லை.

மரனெல்லோவாசி:
சாய்ன்ஸ் நல்ல ஓட்டுநர், மறுக்கவில்லை. ஆனால் ஃபெராரி என்ன செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? கடைசியாக ஓட்டுநர் பட்டம் கிடைத்தது 2007இல், ராய்க்கோனன் காலத்தில். அணிப் பட்டம் 2008இல். அலோன்சோ மூன்று முறை இரண்டாம் இடம், வெட்டல் இரண்டு முறை இரண்டாம் இடம். ஏழு பட்டம் பெற்றவர் தானாக வருகிறேன் என்றால் எந்த அணி கதவைச் சாத்தும்? ஷாங்காயில் ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயத்தை முதலிடத்தில் தொடங்கி முதலிடத்தில் முடித்தாரே, அதைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

வெள்ளியம்பு:
பேசுகிறேன். அதே ஷாங்காயில் மறுநாள் முதன்மைப் பந்தயத்தில், காரின் அடிப்பலகை அளவுக்கு மேல் தேய்ந்ததற்காக ஹாமில்டனும், கார் எடை குறைந்ததற்காக அவருடைய அணித்தோழர் லெக்லெர்க்கும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஹங்கேரியில் லெக்லெர்க் முதலிடத்தில் தகுதி பெற்ற அதே காரில் 12ஆம் இடம் வந்துவிட்டு, தான் பயனற்றவன், அணி வேறு ஓட்டுநரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவரே சொன்னார். லாஸ் வேகாஸ், கத்தார், அபுதாபி என்று கடைசி மூன்று பந்தயங்களிலும், தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச்சுற்றின் முதல் பகுதியிலேயே வெளியேறினார். லெக்லெர்க் 242 புள்ளி, ஹாமில்டன் 156 புள்ளி. இதற்காகவா ஐந்து மாதத்தில் சொல் மாறினார்? அவர் விட்டுச் சென்ற மெர்சிடிஸ் 469 புள்ளியோடு இரண்டாம் இடம், அவர் போய்ச் சேர்ந்த ஃபெராரி 398 புள்ளியோடு நான்காம் இடம்.

சுற்று44:
தோல்வியையும் துரோகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். மோசமான பருவம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த லாஸ் வேகாஸ் தகுதிச்சுற்றை எழுந்து உட்கார்ந்து பார்த்தவன் நான். கடைசி இடத்தில் அவர் பெயர் நின்றதைக் கண்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆனால் ஏப்ரல் இறுதியிலேயே அணியின் உழைப்பை 2026 காரின் பக்கம் திருப்பிவிட்டதாக வாசரே சொல்லியிருக்கிறார். வளர்ச்சி நின்றுபோன காரில் ஓடியவரின் புள்ளியைக் காட்டி அவருடைய நேர்மையை எடைபோடாதீர்கள்.

2012 செப்டம்பர் 28 அன்று மெக்லாரனை விட்டு மெர்சிடிஸுக்கு அவர் வருவதாக அறிவித்தபோதும் இதே கூச்சல்தான். வெற்றி பெறும் காரை விட்டுவிட்டுப் போகிறார், அறிவு கெட்டவர் என்றார்கள். மறு ஆண்டு மெக்லாரனுக்கு ஒரு போடியம்கூடக் கிடைக்கவில்லை. அதன்பின் அவர்களுடைய முதல் வெற்றி 2021 மொன்ஸாவில்தான் வந்தது. அன்று அவர் மெக்லாரனுக்குத் துரோகி இல்லை, ஏனென்றால் வந்தது உங்கள் அணிக்கு.

வெள்ளியம்பு:
மெக்லாரனோடு அவருடைய ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது. நீடிப்பதாக ஐந்து மாதத்துக்கு முன்பு அவர் அறிவிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் இதைத் தாண்டிக் குதித்து ஓடுகிறீர்கள்.

பந்தயக் குறிப்பேடு:
நான் கேட்ட வரையறைக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை.

மரனெல்லோவாசி:
வெள்ளியம்பு அவர்களே, மெர்சிடிஸில் ஹாமில்டனின் இருக்கையில் அமர்ந்த அன்டோனெல்லி 150 புள்ளி எடுத்தார். ஹாமில்டன் 156. நீங்கள் தண்டனை பெற்றதாகச் சொல்பவர் உங்கள் புதிய ஓட்டுநரைவிட ஆறு புள்ளி முன்னே இருக்கிறார்.

வெள்ளியம்பு:
19 வயது இளைஞனின் முதல் பருவத்தோடு ஏழு முறை உலகச் சாம்பியனை ஒப்பிட்டு ஆறு புள்ளிக்குப் பெருமைப்படும் நிலைக்கு ஃபெராரி ரசிகர்கள் வந்துவிட்டீர்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த இளைஞன் கனடாவில் மூன்றாம் இடம், பிரேசிலில் இரண்டாம் இடம். உங்கள் சாம்பியனின் போடியத்தை எனக்குக் காட்டுங்கள்.

55இன் தோழி:
சாய்ன்ஸின் இரண்டு போடியங்களை நான் காட்டினேன். அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

மரனெல்லோவாசி:
சாய்ன்ஸைப் பற்றிப் பேச விரும்பினால் தனியாகத் தொடங்குங்கள். நான்கு பருவங்களில் நான்கு வெற்றி பெற்றவருக்காக ஃபெராரி வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருக்க முடியாது.

55இன் தோழி:
ஒரு பருவத்தில் ஒரு போடியமும் பெறாதவருக்காக மட்டும் கடன்படலாமா? 2024 மெக்சிகோவை வென்று, அணிப் பட்டத்துக்கு மெக்லாரனோடு வெறும் 14 புள்ளி இடைவெளி வரை ஃபெராரியைக் கொண்டுவந்ததில் சாய்ன்ஸின் பங்கு ஏறத்தாழப் பாதி. அதை மறந்தவர்களோடு எனக்கு இனிப் பேச்சில்லை.

சுற்று44:
வெள்ளியம்பு அவர்களிடம் ஒன்றை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 12 அன்று அபுதாபியில், கடைசிச் சுற்றில் எட்டாவது பட்டம் கைநழுவிய இரவில், ஹாமில்டனுக்காக என்னைவிட அதிகமாக எழுதியவர் நீங்கள். விடியும்வரை நாம் இருவரும் ஒரே பக்கம் நின்றோம். அடுத்த இரண்டு பருவங்கள் துள்ளிக் குதித்த அந்தக் காரில் ஒரு வெற்றியும் இல்லாமல் அவர் ஓடியபோது, அவருக்கு நல்ல கார் தரவேண்டும் என்று அணியைக் கடிந்துகொண்டவரும் நீங்களே. போவதாக அறிவித்த பின்பும் 2024இல் சில்வர்ஸ்டோனையும் ஸ்பாவையும் வென்று மெர்சிடிஸுக்குத்தான் கொடுத்தார். இத்தனைக்குப் பிறகும் உங்களுக்கு நினைவில் நிற்பது ஐந்து மாதம் மட்டும்தானா?

வெள்ளியம்பு:
ஸ்பாவில் முதலில் கோட்டைத் தாண்டியவர் மெர்சிடிஸின் இன்னோர் ஓட்டுநர் ரஸ்ஸல். கார் ஒன்றரைக் கிலோ எடை குறைந்ததால் அவர் நீக்கப்பட்டார். அதை ஹாமில்டன் கொடுத்தார் என்று எழுதாதீர்கள். அபுதாபி இரவை எனக்கு நினைவூட்ட வேண்டிய தேவையும் இல்லை. அன்று அவருக்காக எழுதியவன் என்பதால்தான் எனக்கு இன்று வலிக்கிறது. 2023 ஆகஸ்ட் 31 அறிவிப்பைப் படித்துவிட்டு, இவர் இந்த அணியிலேயே ஓய்வு பெறுவார் என்று நான் இங்கே எழுதினேன். ஐந்து மாதம். அவ்வளவுதான் அது தாங்கியது.

சுற்று44:
அப்படியென்றால் அவர் மீறியது நீங்கள் எழுதியதை, ஒப்பந்தத்தை இல்லை. துரோகம் என்ற சொல்லை நீக்குங்கள்.

வெள்ளியம்பு:
நீக்கமாட்டேன்.

பந்தயக் குறிப்பேடு:
2026இல் புதிய விதிகள் வருகின்றன. எஞ்சின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்திலிருந்து வரப்போகிறது, காரின் வடிவமும் மாறுகிறது. ஹாமில்டன் ஃபெராரியைத் தேர்ந்தது சரியா என்பதை அந்தக் கார் ஓடிய பிறகு பார்க்கலாம்.

வெள்ளியம்பு:
2026இல் அவர் எட்டாவது பட்டமே வென்றாலும், ஆகஸ்ட் 31க்கும் பிப்ரவரி 1க்கும் இடையில் இருப்பது ஐந்து மாதம்தான்.

மரனெல்லோவாசி:
அந்த எட்டாவது பட்டம் என்ற சொல்லை நான் குறித்து வைத்துக்கொள்கிறேன்.