ஸ்பீக்கரில் 'ஊம்' இரைச்சல்: ஐசி மாற்றியபின் ஃபியூஸ் போகிறது

கேள்வி:
வணக்கம். ஆம்பிளிஃபயர் உள்ளேயே அமைந்த என் 8 அங்குல ஸ்பீக்கரில் சில மாதங்களாக 'ஊம்' என்ற இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. கேபிளைக் கழற்றி வால்யூமை முழுவதும் குறைத்தாலும் அது நிற்கவில்லை. ஒலியைப் பெருக்கும் ஐசிதான் பழுது என்று நானே முடிவு செய்து, புதிய டிடிஏ7294 ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். இப்போது சுவிட்சைப் போட்டவுடன் ஃபியூஸ் போய்விடுகிறது. வாங்கியது போலி ஐசியாக இருக்குமோ?

மறுமொழி 1:
போலிகள் சந்தையில் உண்டுதான். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஐசிக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்குக்கும் நடுவே, மின்சாரம் கடத்தாத மெல்லிய மைக்கா தகடு இருந்ததா? இந்த ஐசியின் உலோக முதுகு உள்ளுக்குள் மைனஸ் சப்ளையோடு இணைந்திருப்பதால், மைக்கா இல்லாமல் முடுக்கினால், உலோகச் சட்டமான சேசிஸோடு சேர்ந்திருக்கும் ஹீட் சிங்க் வழியாக மைனஸ் சப்ளை நேரடியாக ஷார்ட் ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தைச் சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியே வடித்துவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, அதன் ஒரு முனையை ஐசியின் முதுகிலும் மறுமுனையை ஹீட் சிங்க்கிலும் வையுங்கள். பீப் ஒலி வந்தால் காரணம் அதுதான். ஷார்ட் ஐசிக்கு வெளியே நடந்திருப்பதால் ஐசி பிழைத்திருக்கவும் கூடும்.

மறுமொழி 2:
சரிசெய்தபின் நேராக மெயினில் செருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டு ஏற்றுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஊஃபரை, அதாவது ஒலி எழுப்பும் கூம்பை, கழற்றியே வைத்து, அவுட்புட்டில் டிசி வோல்டேஜை அளந்தபின் இணையுங்கள். வால்யூமைக் குறைத்தும் இரைச்சல் நீடித்தது என்றால் சந்தேகம் சப்ளையின் மேல்தான். கெப்பாசிட்டர் உலர்ந்துபோனால் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயரிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் அலை வடிகட்டப்படாமல் ஒலியில் கலந்துவிடும். ஒவ்வொரு சப்ளையிலும் ஏசி வோல்டேஜை அளந்து பாருங்கள். சில மலிவான மீட்டர்கள் டிசியையும் ஏசியாகக் காட்டிக் குழப்பும் என்பதால், முனையோடு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து அளப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குப்பைக் கூடையிலிருந்து பழைய ஐசியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பசையோடு மைக்கா தகடு அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய மைக்காவும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் வாஷரும் போட்டபின் பல்பு மின்னி மங்கியது. ஆனால் ஊஃபருக்குப் பதில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டிக் கேட்டபோது, இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. பிளஸ் சப்ளையில் ஏசி 0.1 வோல்ட்டுக்கும் கீழே காட்ட, மைனஸ் சப்ளையில் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. அந்தப் பக்கத்து 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் காலைச் சுற்றி, சால்டரில் முடியளவு வளையமாக ஒரு விரிசல் தெரிந்தது. சால்டரைப் புதுப்பித்ததில் பாதி குறைந்தது. இரண்டு கெப்பாசிட்டர்களையும் 50 வோல்ட் தரத்தில் மாற்றியபின் முழுவதும் நின்றது. அவுட்புட்டில் டிசி 12 மில்லிவோல்ட். ஊஃபரை இணைக்கலாமா?

மறுமொழி 2:
தாராளமாக இணைக்கலாம். பழைய ஐசியையும் எறிந்துவிடாதீர்கள். அது கெட்டிருக்கவே இல்லை என்று தோன்றுகிறது.