கானாங்கத்தை சாப்பிட்ட அரை மணி நேரத்துல அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்துடுச்சு. டிபி மாத்திரையாலயா, மீனாலயா?

கொருக்குப்பேட்டைப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு. ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. நுரையீரல் டிபின்னு தெரிஞ்சு இது மூணாவது மாசம், தினமும் மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டு மாசம் முடிஞ்சதும் எடுத்த சளி டெஸ்ட்ல கிருமி இல்லன்னு வந்துச்சு. எடையும் 3 கிலோ ஏறியிருக்கு.

போன ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கெல்லாம் காசிமேடு போயி ரெண்டு கிலோ கானாங்கத்தை வாங்கினேன். கண்ணு பளபளன்னு இருந்துச்சு, செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு. அங்கிருந்து நேரா தண்டையார்பேட்டைல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். மீன் பை வண்டிலயே மாட்டியிருந்துச்சு. வீட்டுக்கு வந்து சேர பன்னெண்டு ஆயிடுச்சு. அம்மா ஆய்ஞ்சு, புளியும் மஞ்சளும் போட்டு அலசி, பாதி குழம்பு, பாதி வறுவல் பண்ணாங்க. ரெண்டு மணிக்கு சாப்பிட்டோம்.

ரெண்டரைக்கு அப்பா நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னாரு. பார்த்தா முகம், கழுத்து, மார்பு எல்லாம் வெந்நி ஊத்தின மாதிரி சிவந்து கெடக்கு. மண்டையைப் பிளக்குற தலைவலி, ரெண்டு தடவை வயித்தால போச்சு. நாக்குல மிளகு கடிச்ச மாதிரி இருக்குன்னாரு. அம்மாவுக்கு லேசா தலைவலி. நான் நாலு துண்டு தின்னேன், எனக்கு ஒண்ணுமே இல்ல. ராத்திரி ஒம்பது மணிக்கெல்லாம் அவருக்குத் தானா அடங்கிடுச்சு.

பிரச்சினை இப்பதான். மாத்திரை ஒத்துக்கல, அதான் உடம்பு சிவக்குதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. திங்கக்கிழமைலேர்ந்து போடல. இன்னிக்கு புதன். மீன் நல்ல மீனு, நல்லா கொதிச்சும் இருந்துச்சு. அப்ப மாத்திரைதானா? அவருகிட்ட நான் என்ன சொல்றது?

மணலி ரோடு:

தம்பி, எங்க மச்சானுக்கும் டிபி மாத்திரை போடும்போது இப்படித்தான் உடம்பெல்லாம் சூடு ஏறுச்சு. பத்து நாள் நிறுத்திட்டு எளநி, மோரு குடிக்கச் சொல்லுங்க. உடம்பு குளிர்ந்ததும் திரும்ப ஆரம்பிக்கட்டும். இந்த ஆறு மாசமும் மீனே வேணாம்.

அன்னக்கூடை:

மணலி ரோடு அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பத்து நாள் பேச்சை மட்டும் தம்பி கேக்கக் கூடாது. ஏன்னு கீழ சொல்றேன்.

தம்பி, முதல்ல இதைப் பண்ணுங்க. நாளைக்குக் காலைல அப்பாவைக் கூட்டிக்கிட்டு, அவருக்கு மாத்திரை குடுக்குற இடத்துக்கே போங்க. ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டாரு, எத்தனை மணிக்கு சிவந்துச்சு, எத்தனை மணிக்கு அடங்குச்சு, மூணு நாளா மாத்திரை போடலங்கறது, எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க. நான் டாக்டர் இல்ல. ஒரு அரசு ஆஸ்பத்திரி லேப்ல 17 வருஷமா டெக்னீஷியன். அதுக்கு முன்னாடி மீன்காரி மக. எங்க அம்மா காசிமேட்டுல ஏலம் எடுத்து, அன்னக்கூடைல தூக்கிக்கிட்டு ராயபுரம் தெருத்தெருவா வித்தவங்க. அதனால இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு என்னால சும்மா போக முடியல.

நீங்க எழுதியிருக்குற அடையாளம் எல்லாம் சேர்ந்து எனக்குக் காட்டுறது ஹிஸ்டமின்ங்கற பொருளை. அது உடம்புல அதிகமானா இப்படித்தான் சிவக்கும், படபடக்கும். மீனே ஒத்துக்காம வர்ற அலர்ஜி வேற. அலர்ஜியில நம்ம உடம்பே ஹிஸ்டமினைக் கொட்டும். இதுல ஹிஸ்டமின் வெளிய மீன்லயே உண்டாகி, தட்டு வழியா உள்ள வருது. கானாங்கத்தை, சூரை, வஞ்சிரம், மத்தி மாதிரி மீனுங்க சதையில ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் நெறைய இருக்கு. இந்த மீனுங்க செவுள்லயும் குடல்லயும் பாக்டீரியா இருக்கும். மீன் உயிரோட இருக்குற வரைக்கும் அதுங்களால ஒண்ணும் ஆகாது. செத்து, வெயில்ல சூடு ஏறுச்சுன்னா சதைக்குள்ள இறங்கி, அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினா மாத்திடும். இதுல பெரிய கை மார்கனெல்லா மார்கனின்னு ஒண்ணு. 1906ல லண்டன்ல, கோடைக்காலத்துல வயித்துப்போக்கு வந்த கொழந்தைங்ககிட்டேர்ந்து மார்கன்ங்கறவரு பிரிச்செடுத்தாரு, அவரு பேருதான் அதுக்கு. எங்க லேப்ல யூரின்ல கிருமி இருக்கான்னு வளர்த்துப் பார்க்குற கல்ச்சர் டெஸ்ட்ல அப்பப்ப வரும். சாயங்காலம் தட்டுல தடவி வெச்சா மறுநாள் காலைல நிறமில்லாத புள்ளி புள்ளியா வளர்ந்து நிக்கும். 20லேர்ந்து 30 டிகிரி சூடு இருந்தா அது நல்லா வேலை பார்க்கும். நம்ம ஊர்ல காலை ஏழு மணிக்கு மேல வண்டில மாட்டின பைக்குள்ள என்ன சூடு இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்க மீன் ஆறரை மணி நேரம் ஐஸ் இல்லாம இருந்திருக்கு.

"நல்லா கொதிச்சுதே"ன்னு கேட்டீங்க. இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. இட்லி மாவை நினைச்சுக்கோங்க. ராத்திரி ஆட்டி வெச்சா லூக்கோனாஸ்டாக் மாதிரி பாக்டீரியாதான் அதைப் பொங்கவும் வைக்குது, புளிக்கவும் வைக்குது. காலைல ஆவியில வேக வெச்சதும் அதுங்க செத்துடும். புளிப்பு போகுதா? போகாது. அது பண்ணி வெச்ச அமிலம் இட்லியிலேயே இருக்கும். ஹிஸ்டமினும் அப்படித்தான். கொதிக்க வெச்சாலும், மொறுமொறுன்னு வறுத்தாலும், ஃப்ரீசர்ல போட்டாலும் போகாது. உங்க அம்மா புளி போட்டு அலசினாங்க பாருங்க, கவுச்சி வாடை வேற ஒரு பொருளால வர்றது, அதைப் புளி அமுக்கிடும். ஹிஸ்டமினை ஒண்ணும் பண்ணாது. அதுக்கு வாடையும் கெடையாது, நிறமும் கெடையாது. கண்ணு பளபளப்பு, செவுள் சிவப்பு எல்லாம் அஞ்சரை மணிக்கு நீங்க பார்த்தது. நல்ல மீனைத்தான் வாங்கியிருக்கீங்க. அதுக்கப்புறம் நடந்ததுதான் வெனை.

ஒரே குழம்புல உங்களுக்கு ஒண்ணும் ஆகாம அவருக்கு மட்டும் ஏன்? ரெண்டு காரணம் இருக்கலாம். ஹிஸ்டமின் எல்லா மீன்லயும், ஒரு மீனோட எல்லாத் துண்டுலயும் ஒரே அளவா இருக்காது. இன்னொண்ணுதான் முக்கியம். அப்பாவோட மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிங்க, ஐசோனியசிட்னு ஒரு டிபி மருந்தோட பேரு இருக்கும். சாப்பாட்டுல வர்ற ஹிஸ்டமினை ஒடைச்சுப் போடுறதுக்கு நம்ம குடல்ல ஒரு என்சைம் இருக்கு. ஐசோனியசிட் அந்த என்சைமைக் கட்டிப் போட்டுடும். அதனால நீங்க தாங்கிக்குற அளவு அவரை அடிச்சுப் போட்டுடும். சூரை மீன் தின்ன டிபி நோயாளிங்களுக்கு இப்படியே ஆனதை இலங்கையில டாக்டருங்க ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே பதிவு பண்ணியிருக்காங்க.

அப்ப அப்பா சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு, அதை அவருகிட்ட ஒத்துக்கோங்க. "மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு அடிச்சுப் பேசினா அவரு நம்ப மாட்டாரு. மாத்திரை இருக்குற உடம்புல, வெயில்ல கெடந்த கானாங்கத்தை போச்சு, அதான் இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க. இதுல நிறுத்த வேண்டியது எதுன்னு அவருக்கே புரியும்.

மாத்திரையை ஏன் விடக் கூடாதுன்னா, டிபி கிருமி ரொம்ப மெதுவானது. மார்கனெல்லா ஒரே ராத்திரில வளரும்னு சொன்னேன்ல? டிபி கிருமி ஒண்ணு ரெண்டாகவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கும். நாங்க லேப்ல கிருமிக்குத் தீனியா வெக்கிற முட்டைக் கலவையில வளர்க்கப் போட்டா மூணு வாரம் கழிச்சுதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், சிலது எட்டு வாரம் கூட ஆகும். சளியில இல்லன்னு வந்தாலும் நுரையீரல்ல தூங்கிக்கிட்டு கொஞ்சம் மிச்சம் இருக்கும். மெதுவா பெருகுறதை அடிக்க மருந்தும் மாசக்கணக்குல இருக்கணும். நடுவுல விட்டுவிட்டுப் போட்டா, மருந்தைத் தாங்குற கிருமி மட்டும் தங்கிப் பெருக வழி உண்டாகும். அப்படி ஆனவங்க சாம்பிளை நான் கையில வாங்கியிருக்கேன். அவங்களுக்கு வைத்தியமும் கஷ்டம், மருந்தோட தொல்லையும் அதிகம். உங்க அப்பா அந்த எடத்துக்குப் போகக் கூடாது.

அப்பாவுக்கு இதையும் சொல்லுங்க. இந்த ஐசோனியசிட்டுக்கும் நம்ம மெட்ராஸுக்கும் பழைய உறவு. 1956ல சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சிக்குன்னு ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. அப்பல்லாம் டிபின்னா சானடோரியத்துல படுக்கப் போட்டு, நல்ல சாப்பாடு, நல்ல காத்து குடுத்தாதான் பொழைப்பாங்கன்னு நம்பிக்கை. இவங்க நம்ம ஊரு ஏழை ஜனங்க 193 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேரை சானடோரியத்துலயும் பாதிப் பேரை அவங்கவங்க வீட்லயும் வெச்சு, ஐசோனியசிட்டும் இன்னொரு மருந்தும் ஒரு வருஷம் குடுத்தாங்க. நெருக்கடியான வீடு, கொறைச்சலான சாப்பாடு, அப்படியிருந்தும் வீட்ல இருந்தவங்களும் அதே மாதிரி தேறினாங்க. கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால கூடுதலா நோய் வரல. 1959ல அந்த முடிவு வந்ததுக்கப்புறம் உலகம் பூரா வைத்தியம் மாறுச்சு. மாத்திரையை விடாம போட்டதுதான் அவங்களைக் காப்பாத்துச்சு.

ஒண்ணு மட்டும் என் மனசுல இருந்து சொல்றேன். நான் ஒம்பதாவது படிக்கும்போது எங்க அம்மாகிட்ட கானாங்கத்தை வாங்கின ஒரு வீட்ல இப்படியே ஒருத்தருக்கு முகம் சிவந்து போச்சு. மறுநாள் தெருவே கூடி "அழுகின மீனை விக்கிறா"ன்னு சொல்லுச்சு. அம்மா அன்னிக்கு விடியக்காலை ஏலத்துல எடுத்த மீன் அது. ஆனா பதினோரு மணி வெயில் வரைக்கும் தலையில தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க, ஐஸ் வாங்கக் காசில்ல. அழுதுக்கிட்டே மிச்ச மீனைக் கொட்டிட்டு வந்தாங்க. லேப் படிப்பு படிச்சப்பதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. அதைச் சொல்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. அதனால, வித்த அம்மாவைத் திட்டாதீங்க தம்பி.

இதே மாதிரி மறுபடி ஆகி மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம் எதாவது வந்தா இங்க எழுதிக்கிட்டு இருக்காதீங்க, 108க்குப் போடுங்க.

ஐஸ் பொட்டி:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் 12 வருஷம் மீன் புடிக்கிற லாஞ்ச்ல போனவன், இப்ப ஐஸ் கம்பெனில இருக்கேன். கடல்ல ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மேல திரும்ப ஐஸ்னு போட்டு மூடுவோம். வெயில் காலத்துல மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் வேணும். கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் அவ்வளவு பாடுபட்டுப் பாதுகாக்குறோம், வாங்கினவங்க வெறும் பையில போட்டுக்கிட்டுப் போறாங்க. பார்த்தா வயிறு எரியும். தெர்மாகோல் பொட்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஒடைச்ச ஐஸ் மீன் மார்க்கெட் பக்கத்துலயே கெடைக்கும். மேல மட்டும் தூவாதீங்க, அடியிலயும் போடுங்க.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், லாஞ்ச் போகாது. அப்ப மார்க்கெட்டுல இருக்குறதுல நெறைய வெளியூர்லேர்ந்து லாரில வர்றது. எங்க புடிச்சது, என்னிக்கு புடிச்சதுன்னு கேட்டு வாங்குங்க. கேட்டா சொல்லுவாங்க.

கொருக்குப்பேட்டைப் பையன்:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் கும்பிடு. நேத்து கூட்டிக்கிட்டுப் போனேன். அக்கா எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன், அட்டையையும் திருப்பிக் காட்டினேன். ஐசோனியசிட்னுதான் போட்டிருக்கு. டாக்டரு கேட்டுட்டு, தோலு, கண்ணு எல்லாம் பார்த்தாரு. மாத்திரையாலயே மஞ்சக்காமாலையோ தடிப்போ வரலாம், அதையும் ஒரு தடவை பார்த்துடலாம்னு ரத்த டெஸ்ட் எழுதினாரு. அது நல்லா வந்துச்சு. மீனாலதான் இருக்கும்னு சொல்லி, அங்கயே அவரு முன்னாடி மாத்திரையைப் போட வெச்சாங்க. சேத்துப்பட்டுக் கதைதான் அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. வழில ரெண்டு பேருகிட்ட சொல்லிட்டாரு.

ஒரு சந்தேகம். உடம்பு தேற மீன் சாப்பிடணும்னு சொல்றாங்க, டிபிகாரங்க சத்தா சாப்பிடணும்னு மாசத்துக்கு 1000 ரூபா கணக்குல கவர்மென்ட் பேங்க்ல போடுற பணத்தையும் அதுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கோம். இனிமே எந்த மீன் வாங்குறது? கருவாடு ஆகுமா? கானாங்கத்தைக் கருவாடுன்னா அப்பாவுக்கு உசுரு.

அன்னக்கூடை:

படிச்சதும் மனசு நெறைஞ்சுது தம்பி. டாக்டரு ரத்த டெஸ்ட் எழுதினது ரொம்ப சரி.

மாத்திரை முடியுற வரைக்கும் கானாங்கத்தை, சூரை, மத்தி, வஞ்சிரம், நெத்திலி அஞ்சையும் தள்ளி வைங்க. சங்கரா, வவ்வால், கெழங்கா, கத்தாழை வாங்குங்க. வெள்ளைச் சதை, ஹிஸ்டிடின் கொறைச்சல். இதையும் ஐஸ்லதான் எடுத்துட்டு வரணும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா செவுளையும் குடலையும் எடுத்துடுங்க, அங்கதான் அந்த பாக்டீரியா குடியிருக்கு.

கானாங்கத்தைக் கருவாடு வேணாம். உப்பு புதுசா பாக்டீரியா வளர்றதைத்தான் தடுக்கும். உப்பு போடுறதுக்கு முன்னாடி அந்த மீன் எத்தனை மணி நேரம் மணல்ல கெடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அப்ப உண்டான ஹிஸ்டமின் காய்ஞ்சாலும் உள்ளேயே இருக்கும். அப்பாவுக்கு இன்னும் மூணு மாசம்தானே? கடைசி மாத்திரை போட்டு, டாக்டரு முடிஞ்சுதுன்னு சொன்னப்புறம் எனக்கு ஒரு வரி எழுதுங்க. எங்க சித்தி இன்னும் காசிமேட்டுல கருவாடு போடுறாங்க. ஐஸ்லேர்ந்து எடுத்த கையோட உப்பு போட்டதா பார்த்து நானே வாங்கித் தர்றேன்.