பாட ஆய்வு முறை: வெளிநாட்டு வல்லுநருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

கரும்பலகை:
ஜப்பானின் பாட ஆய்வை (ஜுக்யோ கென்க்யூ) ஆறாம் வகுப்புக் கணக்கில் தொடங்க இருக்கிறோம். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு கூடிப் பேசும் முறை இது. வெளிநாட்டு வல்லுநர் ஒருவர் வருகிறார். அவரிடம் என்ன வேலை வாங்குவது? ஒருநாள் பயிற்சி போதுமா?

கணக்கு வாத்தியார்:
போதாது சார். ஒரு சுற்றுக்கே நாலைந்து வாரம் வேண்டும். நாலு ஆசிரியர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். பின்னக் கூட்டல் என்றால், 1/2 + 1/3 = 2/5 என்று பிள்ளைகள் எழுதுவார்கள்; மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவதால் வரும் பிழை. "அரையோடு கூட்டிய பிறகு அரையை விடக் குறைந்தது எப்படி?" என்று பிள்ளையே கேட்கும்படி கணக்கை அமைப்பதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது. ஜப்பானியர் இதைக் க்யோசாய் கென்க்யூ என்கிறார்கள். 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டிக்லர், ஹீபர்ட் எழுதிய நூலுக்குப் பிறகு இந்த முறை அமெரிக்காவில் பரவியது. அங்கே பல இடங்களில் வகுப்பைப் பார்ப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். வல்லுநரை இந்தக் கட்டத்திலேயே ஒருமுறை உட்காரவையுங்கள்.

திண்ணைப்பள்ளி:
வகுப்பு நடக்கும் நாளில் ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு மூன்று பிள்ளைகள் பக்கத்தில் இருந்து, என்ன எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்று குறிக்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. பிறகு கூட்டத்தில் நடத்தியவர் முதலில் பேச வேண்டும், அடுத்து பார்த்தவர்கள், வல்லுநர் கடைசியில். ஜப்பானில் அவரைக் கோஷி என்பார்கள். அரைமணி நேரம் பேசுவார். அவர் முதலில் பேசிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். அவருக்குத் தமிழ் தெரியாதென்றால் பிள்ளைகளின் நோட்டுகளை உடனே மொழிபெயர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியரின் குரலையும் கையசைவையும் பற்றித்தான் கருத்துச் சொல்வார்.

ஊர்ப்பள்ளி:
தலைமையாசிரியர் செய்ய வேண்டியது கால அட்டவணையில் இருக்கிறது. அந்த நாலு பேருக்கும் வாரத்தில் ஒரே பாடவேளை காலியாக இருக்க வேண்டும். பார்க்கும் நாளில் அவர்கள் வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியர் வேண்டும். மதிப்பெண் படிவம் எதையும் உள்ளே விடாதீர்கள். ஆசிரியரை எடைபோடுகிறார்கள் என்று தெரிந்தால், பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுவார்கள். 2/5 போன்ற பிழை வெளியே வரவே வராது.

கரும்பலகை:
வல்லுநர் ஊருக்குப் போன பிறகு?

ஊர்ப்பள்ளி:
முதல் சுற்றிலிருந்தே வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். மூன்றாம் சுற்றில் கடைசிப் பேச்சு பயிற்றுநருடையதாக இருக்கட்டும்.