லான்ட்ராட்: 'மாவட்ட ஆட்சியர்' பொருந்தவில்லை, வேறு சொல் பார்ப்போம்

வணக்கம் ஐயா,

ஜெர்மன் பேரரசின் தலைமையமைச்சராக இருந்த பெத்மான் ஹோல்வெக் பற்றிய உங்கள் வரைவைப் படித்தேன். '1886 முதல் 1896 வரை ஓபர்பார்னிம் மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றினார்' என்ற வரியில் நின்றுவிட்டேன். லான்ட்ராட் என்ற ஜெர்மன் பதவிப் பெயரைத்தான் 'மாவட்ட ஆட்சியர்' என்று மாற்றியிருக்கிறீர்கள். ஆட்சியர் என்றதும் நம்மவர் கண்ணுக்கு யார் வருவார்? தேர்வெழுதித் தேறி, வெளியூரிலிருந்து வந்து, திங்கட்கிழமைகளில் மனு வாங்கி, இரண்டு மூன்று வருடத்தில் மாறுதலாகிப் போகிறவர்தானே.

இவர் கதை அப்படியே தலைகீழ். பிறந்ததே அந்த ஓபர்பார்னிமில்தான், 1856இல், பெர்லினுக்கு வடகிழக்கே ஹோயன்ஃபீனோவில், குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணையில். அவருக்கு முன் அதே பதவியில் இருந்தவர் அவருடைய அப்பா ஃபெலிக்ஸ். பையன் சட்டம் படித்து அரசுப் பயிற்சியும் முடித்து, முப்பது வயது வாக்கில் அப்பா உட்கார்ந்த நாற்காலிக்கே வந்தார். (பரம்பரை ஜமீன் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட் வங்கிக் குடும்பம், தாத்தா சட்டப் பேராசிரியர், பிரபுப் பட்டமே அவர் காலத்தில் வந்ததுதான்.) போதாததற்கு 1890இல், பதவியில் இருந்தபடியே ரைக்ஸ்டாக் என்ற பேரரசு நாடாளுமன்றத்துக்குத் தேர்தலில் நின்று சில மாதம் உறுப்பினராகவும் இருந்தார். நம் ஊரில் ஓர் ஆட்சியர் இதில் எதையாவது செய்ய முடியுமா?

விஷயம் என்னவென்றால், ஜெர்மன் பேரரசின் மிகப் பெரிய அங்கமான பிரஷ்யாவில் லான்ட்ராட்டுக்கு இரண்டு முகம். நியமிப்பவர் அரசர், ஆனால் பெயரை முன்மொழியும் உரிமை அவர் பொறுப்பில் வரும் வட்டாரமான கிரைஸின் அவைக்கு, அதாவது கிரைஸ்டாக்குக்கு, உண்டு. 1872 டிசம்பரில் வந்த கிரைஸ் சட்டம் பண்ணையார்கள் கையிலிருந்த போலீஸ் அதிகாரத்தைப் பிடுங்கியது, லான்ட்ராட்டையும் அவை தேர்ந்தெடுக்கும் ஆறு பேரையும் சேர்த்து ஒரு குழுவும் அமைத்தது. அதற்கப்புறம் ஒரே ஆள்தான் பெர்லினுக்காகப் படைக்கு ஆள் சேர்ப்பதையும் வரி மதிப்பீட்டையும் மேற்பார்க்கிறார், அதே மேசையில் உட்கார்ந்து கிரைஸுக்காகச் சாலை போடவும் கையெழுத்திடுகிறார். முதல் காகிதத்தில் அவர் அரசு அதிகாரி, அடுத்ததில் உள்ளாட்சித் தலைவர்.

இந்த இரட்டை வேடம் எங்கே முட்டும் என்பதை 1899இல் பார்க்கலாம். ரைனையும் எல்பையும் இணைக்கும் கால்வாய்த் திட்டம், பேரரசருக்குச் செல்லப் பிள்ளை. ஆனால் மலிவுத் தானியம் உள்ளே வந்துவிடும் என்று கிழக்குப் பகுதி நிலக்கிழார்களுக்குப் பயம். பிரஷ்யச் சட்டமன்ற உறுப்பினர்களாகவும் இருந்த லான்ட்ராட்டுகள் பலர் அரசின் மசோதாவையே எதிர்த்து வாக்களித்தார்கள்! ஏறக்குறைய இருபது அதிகாரிகளைப் பதவியிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள், 'கால்வாய்க் கலகக்காரர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. அந்த இடத்தில் 'ஆட்சியர்கள் கலகம்' என்று எழுதினால் படிப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 1899இல் பெத்மான் புரோம்பெர்க் என்ற ஊருக்குப் போனாரே, அந்தப் பதவிக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? பல கிரைஸ்கள் சேர்ந்தது ஒரு ரெகீருங்ஸ்பெசிர்க், அதன் தலைவர்தான் நம் ஆட்சியருக்குக் கிட்டத்தில் வருபவர். இருக்கிற ஒரே சொல்லைக் கீழே செலவழித்துவிட்டால் மேலே கையைப் பிசைய வேண்டியதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரைஸ் என்றால் ஜெர்மனில் வட்டம் என்றுதான் பொருள், நம்மிடமும் மாவட்டத்துக்குக் கீழே வட்டம் இருக்கிறது. இப்படி அச்சாகப் பொருந்துவது அபூர்வம், விடக்கூடாது. 'வட்டாட்சியர்' என்றால் தாசில்தார் வந்துவிடுவார், அது வேண்டாம். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'அரசாங்க அதிபர்' பதவிக்கும் நியமனம் மேலிருந்துதான், ஊர்ப்பக்கம் அதில் இல்லை. 'நாட்டாண்மை' என்று ஒருவர் எழுதியிருந்தார், ஆலமரமும் சொம்பும் கூடவே வந்துவிடுகின்றன. எனக்கு முதலில் பிடித்தது 'நாட்டார்'. சோழர் கல்வெட்டில் நாடு என்பது ஊர்களின் தொகுதி, அதில் நிலமுடையோர் கூடிய அவை நாட்டார், லான்ட்ராட்டின் பழைய வேரும் அப்படிப்பட்டதுதான். ஆனால் இன்றைக்கு நாட்டார் என்றால் நாட்டார் வழக்காற்றியல் ஒரு பக்கம், சாதிப் பட்டம் இன்னொரு பக்கம். கைவிட்டேன்.

என் பரிந்துரை 'வட்டக்கிழார்'. கிழமை என்றால் உரிமை, கிழார் உரிமையுடையவர். கோவூர் கிழார், அரிசில் கிழார் என்று புறநானூற்றிலேயே பார்த்திருக்கிறோம். நிலமும் ஊர்ச் செல்வாக்கும் அதிகாரமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், 'எந்தக் கிழவர்?' என்று கேட்டார்கள். அந்த ஆபத்து உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இன்றைய ஜெர்மனியில் பல மாநிலங்களில் மக்களே லான்ட்ராட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களுக்குக் கிழார் ஒட்டாது, 'வட்டத் தலைவர்' போதும். கட்சிப் பதவி மாதிரி ஒலிக்கிறது என்பீர்கள், ஒலிக்கட்டும்.

உங்கள் வரியை இப்படி மாற்றிப் பார்த்தேன்: 'தந்தை வகித்த ஓபர்பார்னிம் வட்டக்கிழார் பதவியை 1886இல் ஏற்றார், பத்தாண்டுக்குப் பின் போட்ஸ்டாமுக்கும், 1899இல் புரோம்பெர்க் மாவட்ட ஆட்சியராகவும் சென்றார், 1909இல் பேரரசின் தலைமையமைச்சரானார்.'

யாருக்காவது காதில் உறுத்தினால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை வரைவில் கை வைக்க மாட்டேன்.