குதிகால் தசைநாண் வலி ஏன் மாதக்கணக்கில் நீடிக்கிறது?

கேள்வி: ஓராண்டுக்கு மேலாக என் குதிகால் தசைநாண் வலிக்கிறது. ஸ்கேனில் கிழிசல் எதுவும் இல்லை என்கிறார்கள். அப்படியானால், காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே இவ்வளவு வலி எங்கிருந்து வருகிறது?

பதில் 1: தசைநாணின் சிதைவும் வலியும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஸ்கேனில் மாற்றம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் உண்டு. நாள்பட்ட நிலையில் நுண்ணிய இரத்தக் குழாய்களும், அவற்றை ஒட்டி நரம்பிழைகளும் தசைநாணுக்குள் வளர்கின்றன. அங்கே குளுட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி போன்ற வேதிப்பொருள்கள் மிகுவதால், வலியுணர் நரம்பு முனைகள் சிறிய இழுவிசைக்கும் தூண்டப்படக்கூடும். இந்தச் சமிக்ஞைகள் ஓயாமல் தண்டுவடத்தை அடையும்போது, சிலருக்கு அங்குள்ள நரம்பணுக்களும் கூருணர்வு பெற்றுவிடுகின்றன, அதாவது சிறு தூண்டலுக்கும் மிகையாக எதிர்வினை காட்டுகின்றன.

பதில் 2: மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதைகளும் உண்டு, உறக்கக் குறைவும் அச்சமும் அவற்றைத் தளர்த்தக்கூடும். இதனால் உங்கள் வலி கற்பனை என்றாகிவிடாது. அப்படி எவர் சொன்னாலும் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

பதில் 3: முழு ஓய்வு தசைநாணை மேலும் பலவீனமாக்கும். 1998-இல் சுவீடன் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் குழுவினர் வெளியிட்ட முறையில், குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரங்கள் செய்ய வேண்டும். இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில், இதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே நீங்கள் தொடங்கலாம்.